பூதவாதியின் குரல்

மணிமேகலையின் 27ஆம் காதையைத் தேர்வுக்காகப் படித்த நாளில், ‘பூதவாதம் மறுக்கப்படும் இடம்’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு கடந்துவிட்டேன். நிலம், நீர் முதலிய பூதங்களின் சேர்க்கையிலிருந்தே உணர்வு தோன்றுகிறது என்னும் கொள்கை அது. அண்மையில் அதே காதையை நிதானமாகப் படித்தபோதுதான், மறுக்கப்படுவதற்கென்றே அங்கே நிறுத்தப்பட்ட அந்த மனிதர் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்பது எனக்குப் புலப்பட்டது.

வஞ்சி நகரில் தவசி வேடத்தில் இருக்கும் மணிமேகலை, ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். அவர் சொல்லும் உவமை இது: ‘தாதகிப் பூவும் கட்டியும் இட்டு மற்றும் கூட்ட மதுக்களி பிறந்தாங்கு’ பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றுகிறது. பூவைத் தனியே தின்றால் போதை ஏறாது. வெல்லக்கட்டியைத் தனியே தின்றாலும் ஏறாது. இரண்டும் பிறவற்றோடு சேர்ந்து ஊறும்போது, அவற்றுள் எதிலும் இல்லாத ஒன்று புதிதாகப் பிறக்கிறது. ஆயுர்வேத அரிட்டங்களை நொதிக்கவைக்க இன்றும் தாதகிப் பூவைச் சேர்க்கிறார்கள் என்பதை அறிந்த பின், இந்த உவமை ஏட்டில் பிறந்தது அன்று, மது காய்ச்சும் இடத்தில் பிறந்தது என்று எனக்குத் தோன்றியது. உயிர் என்று தனியே ஒன்று வெளியிலிருந்து உடலுக்குள் வந்து புகவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லி நான் படித்ததில்லை.

கண்கூடாகக் காண்பதே அளவை, அதாவது உண்மையை அறியும் வழி, கருதி அறிவதான அனுமானம் நில்லாது என்றும், மறுமை பொய் என்றும் அவர் தொடர்கிறார். முற்பிறப்பைப் பற்றிய பேச்சு எழும்போது, தெய்வ மயக்கத்திலும் கனவிலும் மனம் வேறுபடுவதைச் சுட்டி அதையும் தள்ளிவிடுகிறார். தன் முற்பிறப்பை மணிபல்லவத்தில் உணர்ந்தவளிடமே இதைச் சொல்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வகையில் அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அது கூர்மையான கேள்விதான். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பூதவாதி சொல்லியிருக்கக்கூடிய விடையைக் காப்பியம் நமக்குத் தரவில்லை.

அந்த விடை இன்னொரு பௌத்தரின் நூலில் கிடக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கமலசீலர், பூதவாதியைப் போலவே மறுமையை மறுக்கும் சார்வாகரில் ஒருவரான புரந்தரரின் கருத்தை மறுப்பதற்காக எடுத்துக் காட்டுகிறார்: உலக வழக்கில் பயன்படும் அனுமானத்தைச் சார்வாகரும் ஏற்கிறார்கள், உலக எல்லையைத் தாண்டிச் செல்லும் அனுமானத்தைத்தான் மறுக்கிறார்கள். புகையைக் கண்டு தீயை அறியலாம், பெற்றோரையும் அறியலாம், ஆனால் எவரும் ஒருபோதும் காணாத மறுவுலகை அந்த வழியில் நிறுவ முடியாது என்பதே இதன் பொருள். மணிமேகலைக்கான மறுமொழி எதிரியின் ஏட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது.

இந்தியச் சிந்தனையில் ஐயம் கொண்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நம்மை வந்தடைந்திருக்கிறார்கள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் பரபக்கம், சார்வாகத்தின் மறுபெயரான உலகாயதத்தை முதலில் எடுத்துரைத்துவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறது. எதிர்த்தரப்பை முழுமையாகச் சொல்லிவிட்டு மறுக்க வேண்டும் என்ற அந்த மரபுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே வேளையில், எடுத்துரைத்தவர் எதிரி என்பதையும் மறந்துவிடக் கூடாது. ‘கடன் வாங்கியாவது நெய் குடி’ என்பதுதான் சார்வாகம் என்று பலர் மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பல தத்துவக் கொள்கைகளைத் தொகுத்துரைக்கும் 14ஆம் நூற்றாண்டின் சர்வதரிசன சங்கிரகம் தன் முதல் இயலின் தொடக்கத்தில் தரும் சுலோகத்தில் நெய்யே இல்லை: உயிருள்ளவரை இன்பமாக வாழ்க, சாவுக்கு எட்டாதது எதுவும் இல்லை, சாம்பலான உடல் மீண்டு வருவது எங்கே என்பதே அதன் கருத்து. அதே இயலின் முடிவில்தான் கடனும் நெய்யும் நுழைகின்றன. சாவைப் பற்றிய ஒரு கனமான சொல், ஊதாரியின் பேச்சாக மாறிவிடுகிறது.

நாத்திகம் என்ற சொல்லும் கவனத்துக்குரியது. வேதத்தை இகழ்பவனே நாத்திகன் என்பது மனு தரும் வரையறை. அதனால்தான், உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உண்டு என்பதைக் கடுமையாக மறுத்த, ஆனால் வேதத்தின் அதிகாரத்தை ஏற்கும் மீமாம்சை நெறியைச் சேர்ந்த குமாரில பட்டர் ஆத்திகராகவே எண்ணப்பட்டார். சமணரும் பௌத்தரும் நாத்திகராயினர். கடவுளை மறுப்பது அன்று பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை, வேதத்தின் அதிகாரத்தை மறுப்பதே குற்றமாகக் கருதப்பட்டது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஐயவாதி ஒருவர் தம் சொந்த வாயால் பேசும் நூல், குஜராத்தின் பாட்டன் நகரச் சுவடிகளிடையே 1926இல் கண்டெடுக்கப்பட்டு 1940இல் அச்சேறிய, ஜெயராசி பட்டரின் தத்துவோபப்லவசிம்மம். காட்சி அளவையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

தமிழில் அத்தகைய வாய்ப்பு அச்சு இயந்திரத்தோடு வந்தது. பெரியாரின் குடி அரசு 1925இல் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே, சென்னை இலௌகிக சங்கத்தினர் 1882 முதல் 1888 வரை தத்துவவிவேசினி என்ற இதழை நடத்தினார்கள். அதன் மறுபதிப்புத் தொகுதியை முதன்முதலில் புரட்டியபோது, பழைய பழக்கத்தால், மறுப்புரை எங்கே தொடங்குகிறது என்றுதான் என் கண் தேடியது. கட்டுரையைத் தொடங்கியவரே அதை முடித்தும் இருந்தார்.