கேட்டதை எழுதச் சொன்ன சேர்

நமது பௌதிகவியல் சேர் காலமான செய்தி தொலைபேசியில் வந்தது. நமது பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். அவரைத் தவிர வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. அவருடைய சைக்கிளும் வெள்ளைச் சேட்டும் உங்களுக்கே தெரியும். மணிச்சாடிப் பாடத்தை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கண்ணாடிச் சாடிக்குள் மின்மணி. பம்பியால் காற்றை எடுக்க எடுக்கச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. ஒலி செல்ல ஊடகம் வேண்டும் என்று விஞ்ஞானி றொபேட் பொயில் 1660இலேயே காட்டிய விடயம். முன்வாங்கில் ஒருவன் "சத்தம் நின்றது" என்று கொப்பியில் எழுதிவிட்டான். சேர் அவனைக் கூப்பிட்டுச் சாடியில் காதை வைக்கச் சொன்னார்.

"கேக்குதா மனே?"

"கொஞ்சம் கேக்குது சேர்."

"அப்ப நிண்டுட்டு எண்டு ஏன் எழுதின? கேட்டத எழுது."

எந்தப் பம்பியாலும் காற்றை முழுதாக எடுக்க முடியாது, மணியைத் தாங்கும் கம்பி வழியாகவும் அதிர்வு வெளியே வரும் என்று விளக்கினார். அப்புறம்தான் ஒளிக்கு வந்தார். சுத்தியல் அடிப்பது மட்டும் மங்காமல் தெரிகிறதே, ஏன்? ஒளி மின்காந்த அலை, அதற்கு ஊடகம் தேவையில்லை. சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீற்றர் வெறுவெளியைக் கடந்து எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் வந்துவிடும். அங்கே நடக்கும் கொந்தளிப்பின் சத்தமோ ஒருநாளும் நம்மிடம் வராது. ஒளிக்கும் 'ஈதர்' என்றோர் ஊடகம் உண்டு என்று பெரிய விஞ்ஞானிகளே நம்பிய காலத்தில், 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் அதன் தடயத்தைத் தேடினார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை, அதை அப்படியே வெளியிட்டார்கள். இதைச் சொல்லும்போது சேருக்கு வந்த உற்சாகத்தை வேறெந்தப் பாடத்திலும் நான் காணவில்லை.

நிலவு நாட்களில் பாடுமீன் கேட்க மட்டக்களப்பு வாவியில் தோணியில் போவோமே, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து! அதையும் பாடமாக்கினார். ஒலி காற்றில் விநாடிக்கு 340 மீற்றர், நீரில் ஏறத்தாழ 1500. ஒளி நேர்மாறு, நீருக்குள் தன் வேகத்தில் நாலில் ஒரு பங்கை இழக்கும். சத்தம் போடுவது மீனா, சிப்பியா என்று கேட்டால், "நான் காணல்ல மனே" என்பார்.

மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்று சொல்லித்தந்தவரும் அவர்தான். 1990இல் அதே கணக்கை இரவில் ஷெல் வெளிச்சத்துக்கு எண்ணினோம்.

கம்பஸ் முடிந்ததும் "இஞ்ச வந்து படிப்பி" என்றார். நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து பேசும்போதெல்லாம், ஆய்வுகூடம் திறக்க ஆளில்லை என்றுதான் கவலைப்படுவார். அவர் நினைவாகச் சங்கம் ஏதும் செய்வதானால் ஒரு நல்ல வெற்றிடப் பம்பி அனுப்பலாம், செலவில் என் பங்கைத் தருகிறேன். ஆனால் சேர் கேட்டது பம்பியை அல்ல, என்னை.