கவிழ்த்து வைத்த போனில் என் குரல்

இரவு டூட்டி நேரம். பெண்கள் வார்டுக்குள் நுழைந்தபோது எங்கிருந்தோ என் குரலே எனக்குக் கேட்டது. நர்சிங் ஸ்டேஷன் மேசையில் ஒரு போன் கவிழ்ந்து கிடந்தது. அதில் நான் கைசுத்தம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டூட்டியிலிருந்த நர்ஸ் தங்கச்சி கேஸ் ஷீட்டைப் பார்த்துக் காலை மருந்துகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். “அக்கா, முடிக்கலேன்னா நாளைக்கு லிஸ்டுல பேரு வந்துரும்லா, அதாக்கும் ஓட விட்டேன்” என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் செய்தது சரியான வேலை. நோயாளிக்கு மருந்து தவறக்கூடாது, வீடியோவை முடிக்காதவர்கள் லிஸ்டிலும் பேர் வரக்கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் முடிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அந்த வீடியோவைச் செய்த எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் நர்சாக இருந்து, பிறகு பயிற்சிப் பொறுப்புக்கு வந்தவள் நான். எங்கள் ஆட்கள் குலசேகரம், கருங்கல், குளச்சல், ஆரல்வாய்மொழி என்று நாலா பக்கமிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். முன்பெல்லாம் ஷிஃப்ட் முடிந்ததும் ஹாலில் உட்கார வைத்து வகுப்பு எடுப்போம். கண் எல்லாம் கடிகாரத்தில் இருக்கும். பேச்சிப்பாறைக்குப் போகிறவள் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதனால் வகுப்பை போனுக்கே கொண்டு போகலாம் என்றபோது முதலில் மகிழ்ந்தவள் நான்தான்.

நாற்பது நிமிட வீடியோ, இறுதியில் பத்துக் கேள்விகள். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள, கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களைப் படம் போட்டு விளக்கினேன்: நோயாளியைத் தொடுமுன், கிருமி படக்கூடாத சிகிச்சை எதையும் தொடங்குமுன், உடல் திரவம் பட்டிருக்கலாம் என்னும்போது, நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினித் திரவம்) என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. அநேகமாக எல்லோரும் பார்த்து முடித்தார்கள், தேர்விலும் தேறினார்கள். நிர்வாகத்துக்குக் காட்டிய தாளில் எல்லாம் பச்சையாக இருந்தது.

1959-இல் டொனால்ட் கர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒரு பயிற்சியை நான்கு படிகளில் அளக்கலாம் என்று எழுதினார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு என்ன பலன். பயிற்சித் துறைக்கு வருகிற எவரும் முதல் வாரத்திலேயே படிப்பது இது. நானும் படித்திருந்தேன். ஆனால் என் பச்சைத் தாள் இந்த நான்கில் எதையும் உருப்படியாக அளக்கவில்லை. வீடியோ கடைசி வரை ஓடியது, முடிந்த கையோடு கேட்டதற்குச் சரியான பதில் வந்தது என்பதை மட்டுமே அது சொன்னது. கம்ப்யூட்டர் தானாக எண்ணித் தருவது அவ்வளவுதான் என்பதால் அதையே நாங்கள் வெற்றி என்று பிடித்துக்கொண்டோம்.

கொரோனா காலத்தில் தக்கலைப் பக்கம் ஆசிரியையாக இருக்கும் என் தங்கைக்கும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவாள். நீல டிக் விழுந்தால் வருகைப் பதிவு. வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா கடலுக்கோ ரப்பர் வெட்டவோ கொண்டுபோன பிள்ளைகளுக்கு டிக் விழாது. போனில் கேம் விளையாடும் பிள்ளைக்கு உடனே விழும். அந்தப் பதிவேட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் குரல் இன்றும் கம்மிவிடும்.

சரி, வீடியோவைச் சின்னதாக வெட்டினால் போதுமா? அப்படித்தான் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். பிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் 2014-இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களில் சுமார் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்குள் இருக்கும் வீடியோக்களையே மாணவர்கள் அதிகம் விடாமல் பார்க்கிறார்கள் என்று காட்டினார்கள். பயனுள்ள தகவல்தான். ஆனால் அது பார்ப்பதைப் பற்றியது, கற்பதைப் பற்றியது அல்ல. இந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு எத்தனையோ நிறுவனங்கள் பழைய வீடியோவை எட்டுத் துண்டாக நறுக்கிப் புதுப் பயிற்சி என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதலில் வார்டுக்குப் போய் உட்கார்ந்தேன். குறிப்பேடு இல்லாமல் போனேன். குறிப்பேட்டோடு ஒருவர் நின்றால் எல்லோரும் நன்றாகக் கை கழுவுவார்கள் என்பது தொற்றுக் கட்டுப்பாட்டில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். பழைய நர்சாக, படுக்கை விரிக்கவும் ட்ரிப் மாற்றவும் கூட நின்றேன். மூன்று நாளில் கண்ணில் பட்டவை என் நாற்பது நிமிட வீடியோவில் ஓரிடத்திலும் இல்லை.

நோயாளியைத் தொட்ட பிறகு அநேகமாக எல்லோரும் கை சுத்தம் செய்தார்கள். தொடுவதற்கு முன்தான் தவறியது. பல நாடுகளின் ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. தொட்ட பின் செய்வது தன்னைக் காத்துக்கொள்ள. அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடுமுன் செய்வது எதிரே படுத்திருப்பவரைக் காக்க. அந்த நேரத்தில் “சிஸ்டர், தண்ணி...” என்று ஒரு பாட்டி கை நீட்டினால் கால் தானாக அங்கே போகும். நல்ல மனசுதான் அங்கே இடையில் வருகிறது. கையுறை போட்டவர்கள் அதுவே போதும் என்று நம்பினார்கள். அப்புறம், ஹேண்ட் ரப் பாட்டில் வாசலில் மாட்டியிருந்தது. ஜன்னலோரப் படுக்கையிலிருந்து அதுவரை போய் வர நேரம் பிடிக்கும். இரண்டு வார்டுகளில் பாட்டில் காலி.

பயிற்சித் துறையில் ராபர்ட் மேகர் கேட்டுவைத்த கேள்வி ஒன்று உண்டு: உயிரே போகும் என்றாலும் இந்த ஆளால் அதைச் செய்ய முடியாதா? முடியாது என்றால் கற்றுக்கொடு. முடியும் என்றால் பயிற்சி அதற்கு மருந்தல்ல, வேறு எதுவோ தடுக்கிறது, அதைத் தேடு. எங்கள் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐந்து தருணமும் தெரியும். நான் அவர்களுக்குத் தெரிந்ததையே திரும்பக் கற்றுக்கொடுத்து, அவர்கள் ஓய்வு நேரத்தில் நாற்பது நிமிடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

முதல் வேலையாகப் பாட்டில்களைப் படுக்கையின் கால்மாட்டுக்கு மாற்றக் கேட்டேன். செலவு என்று தயங்கினார்கள், பிறகு சம்மதித்தார்கள். அது நடந்த பிறகுதான் பாடத்தைத் தொட்டேன்.

புதிய பாடத்தில் விளக்கம் குறைவு. வாரத்துக்கு இரண்டு சிறு சம்பவங்கள் போனுக்குப் போகும். “ஆறாம் படுக்கைப் பாட்டிக்கு ட்ரிப் நிற்கிறது. பக்கத்துப் படுக்கையில் பி.பி. பார்த்துவிட்டுக் கையுறையோடு நிற்கிறீர்கள். இப்போது என்ன செய்வீர்கள்?” பதிலைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் விளக்கம் வரும். அதே விஷயம் மூன்று வாரம் கழித்து வேறு சம்பவமாகத் திரும்ப வரும். இதற்கு ஆதாரம் உண்டு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீடியோ முடிந்த கையோடு நான் வைத்த பத்துக் கேள்விகள் எதை அளந்தன என்று இதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

மொழியையும் மாற்றினேன். முதல் வீடியோவில் ஆங்கில ஸ்லைடை வைத்து ஏட்டுத் தமிழில் பேசியிருந்தேன். புதியதில் எங்கள் வார்டில் பேசுகிற மாதிரியே, “பிள்ளே, கொஞ்சம் நில்லு” என்று ஒரு மூத்த சிஸ்டரைப் பேச வைத்தேன். பேச்சு நடையில் சொன்னால் ஆழமாகக் கற்கிறார்கள் என்று ரிச்சர்ட் மேயர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். திரையில் இருப்பதையே வரிக்கு வரி வாசிப்பது இடைஞ்சல் என்றும் சொல்கிறார். மலைப்பக்கம் சிக்னல் கிடைக்காதவர்களுக்காக எல்லாவற்றையும் சிறிய ஒலித்துண்டாக ஆஸ்பத்திரியிலேயே இறக்கிக்கொள்ளும்படி செய்தோம்.

அளப்பதுதான் கடினம். எல்லா வார்டுக்கும் ஒரே நாளில் கொடுக்காமல், பாதி வார்டுகளுக்கு இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்தோம், ஒப்பிட்டுப் பார்க்க. ஆயிரம் நோயாளி நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) எத்தனை லிட்டர் ஹேண்ட் ரப் செலவானது என்று ஸ்டோரிலிருந்து கணக்கு எடுத்தோம். யாரும் நின்று பார்க்காமலே கிடைக்கிற கணக்கு அது. பாட்டிலை மாற்றிய உடனேயே எல்லா வார்டிலும் செலவு நன்றாகக் கூடியது. பாடம் போன வார்டுகளில் அதற்கு மேலும் கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான். நிர்வாகத்துக்கு அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பெரிய பங்கு பாட்டிலுக்கு, சிறிய பங்கு பாடத்துக்கு.

கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் எழுதினார்: மளிகைச் சாமானைக் கொண்டுவரும் லாரி நம் உடம்பின் சத்தைக் கூட்டுவதில்லை, அதுபோல ஊடகமும் கற்றலைக் கூட்டுவதில்லை. இதை மறுத்துப் பேசியவர்களும் உண்டு, விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு நினைவுக்கு வருவது குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காதான். அவர் தலைச்சுமையில் வந்த காலத்திலும் இப்போது ஆட்டோவில் வருகிற காலத்திலும் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார். ஆனால் ஆட்டோ வந்த பிறகு மீன் சீக்கிரம் வருகிறது என்பதும் உண்மை. போன் எங்களுக்குச் செய்தது அதைத்தான். பேச்சிப்பாறைக்காரி பஸ்ஸைத் தவறவிடாமல் கற்க முடிந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் பிரசவ வார்டிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அன்று போனைக் கவிழ்த்து வைத்த அதே தங்கச்சி. “அக்கா, குளிப்பாட்டுன பிள்ளைய அம்மா கையில குடுக்கியோம், ஒடனே தையல் பாக்கக் கூப்புடுதாங்க. இது அஞ்சுல எது? ரெண்டா, மூணா? நீங்க அனுப்புன ஒண்ணுலயும் இது வரல்லியே.” நான் யோசித்துப் பார்த்தேன். தாயும் குழந்தையும் ஒரே படுக்கையில் இருக்கும்போது எது ஒருவரின் சுற்றுப்புறம், எது இன்னொருவருடையது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல வரவில்லை. நாளைக்கு உன் டூட்டி எப்போது என்று கேட்டேன். காலை ஏழு மணி என்றாள். ஆறே முக்காலுக்கு அங்கே போய் நின்றேன்.