லண்டன் பென்சனோட ஊருக்குப் போக நினைக்கிறாக்களுக்கு

1983க்குப் பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்த எங்கட சனம் இப்ப வரிசையா பென்சன் வயசுக்கு வருகுது. பெற்றோல் ஸ்டேசனில இரவு வேலை, சூப்பர்மார்க்கெட்டில சாமான் அடுக்கிற வேலை, பேந்து சொந்தமா ஒரு கடை எண்டு முப்பது வருசமா ஓடினாக்கள், இனிக் காணும், ஊரில காணி கிடக்கு, வீட்டைத் திருத்திப்போட்டு அங்க போய் இருப்பம் எண்டு கதைக்கினம். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதைதான். எனக்கும் அந்த ஆசை இருக்கு. ஆனா கதைக்கிறாக்களில கனபேருக்கு ஒரு விசயம் தெரியாது, தெரிஞ்சாக்களும் அதைச் சின்ன விசயமெண்டு விட்டிடினம், அதாலதான் இதை எழுதுறன்.

பிரிட்டிஷ் அரசாங்கம் தாற ஸ்டேட் பென்சனை இலங்கையில இருந்துகொண்டும் எடுக்கலாம். அது நீங்கள் நஷனல் இன்சூரன்ஸ், அதாவது சம்பளத்தில வெட்டுற காப்புறுதிக் காசு, கட்டி உழைச்ச உரிமை, ஊருக்குப் போனதுக்காக நிப்பாட்ட மாட்டினம். ஆனா இஞ்ச இருக்கிறாக்களுக்கு ஒவ்வொரு ஏப்ரலும் கூடுற மாதிரி அங்க இருக்கிறாக்களுக்குக் கூடாது. போகேக்க, இல்லாட்டி அங்க இருந்து எடுக்கத் தொடங்கேக்க, என்ன தொகையோ அந்தத் தொகையிலயே நிண்டிடும், பத்து வருசமெண்டாலும் இருபது வருசமெண்டாலும் அதேதான்.

கணக்கைப் பாருங்கோ. 2016 ஏப்ரலில புது ஸ்டேட் பென்சன் தொடங்கேக்க முழுத்தொகை கிழமைக்கு 155.65 பவுண்ஸ். 2025 ஏப்ரலில அது 230.25 ஆயிட்டுது. அப்ப 2016ல முழுப் பென்சனோட யாழ்ப்பாணம் போன ஒருத்தருக்கு இப்பவும் 155.65தான் வருகுது, லண்டன் ஹரோவில அவற்ற பக்கத்து வீட்டில இருந்தவருக்கு 2025-26ல 230.25. ரெண்டு பேரும் ஒரே அளவு வருசம் வேலை செய்து ஒரே அளவு காசு கட்டினவை. அந்த வருசக் கணக்கில வித்தியாசம் கிழமைக்கு 74.60, வருசத்துக்கு 3,879 பவுண்ஸ். வருசம் போகப் போக இந்த இடைவெளி இன்னும் அகலும்.

ரூபாய் விழுந்தா பவுண்ஸுக்குக் கூடக் காசு வரும்தானே, சமாளிக்கலாம் எண்டு சிலபேர் சொல்லுவினம். 2022ல என்ன நடந்ததெண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போனது உண்மை, ஆனா அந்த வருசம் செப்டெம்பரில கொழும்பில பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட வந்திட்டுது. கையில வந்த கூடுதல் ரூபாய் மருந்துக்கும் காஸுக்கும் பெற்றோலுக்கும் போயிட்டுது. நாணயமாற்றை நம்பி இருபது வருசத்துக்குத் திட்டம் போடேலாது, அதுவும் எழுபது எண்பது வயசில, ஆஸ்பத்திரிச் செலவு கூடுற நேரத்தில.

எனக்குச் சரியான கோவம் வாறது எங்கயெண்டால், இது வெளிநாட்டில இருக்கிற எல்லாருக்கும் பொதுவான சட்டமில்லை. ஐரோப்பிய நாடுகளில, சுவிஸில, அமெரிக்காவில, பிலிப்பைன்ஸில, ஜமேக்காவில இருக்கிறாக்களுக்கு வருசா வருசம் கூடுது. இலங்கை, இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்காவில இருக்கிறாக்களுக்குக் கூடாது. லண்டனில வேலை செய்து இளைப்பாறி பரிஸில மகளோட போய் இருந்தா கூடும், டொரொண்டோவில மகனோட போய் இருந்தா கூடாது. பேரப்பிள்ளையளைப் பாக்கக் கனடாவுக்குப் போற எங்கட அம்மா அப்பாமாருக்கு இது ஆராவது முதலே சொல்லுறவையோ? அந்த நாட்டோட பென்சனைக் கூட்டுறதுக்கு உடன்படிக்கை இல்லை எண்டுதான் அரசாங்கம் காரணம் சொல்லுது. கட்டேக்க நஷனல் இன்சூரன்ஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே வெட்டினவை, நீ கடைசியில எந்த நாட்டில இருப்பாய் எண்டு கேட்டே வெட்டினவை?

இதுக்காகக் கோட்டுக்கும் போயிருக்கினம். தென்னாபிரிக்காவில குடியேறின அனெட் கார்சன் எண்ட அம்மா லண்டனில ஆக உயர்ந்த கோடு வரை போய்த் தோத்து, பேந்து ஸ்ட்ராஸ்பேர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைக் கோட்டுக்குப் போனவ. 2010ல அங்கயும் தோல்வி, 17 நீதிபதியளில 11 பேர் எதிர், 6 பேர் அவவின்ர பக்கம். கோட்டு வழி அத்தோட அடைபட்ட மாதிரித்தான், இனி மாத்திறதெண்டால் பாராளுமன்றத்திலதான் மாத்த வேணும்.

சரி, அப்ப போறதே இல்லையோ எண்டு கேட்டா, போங்கோ, ஆனா எல்லாம் பாத்துச் செய்துபோட்டுப் போங்கோ.

முதல் வேலை, இஞ்ச இருக்கேக்கயே உங்கட நஷனல் இன்சூரன்ஸ் ரெக்கோர்டை எடுத்துப் பாருங்கோ. அரசாங்க வெப்சைட்டில எத்தினை வருசம் இருக்கு, பென்சன் எவ்வளவு வரும் எண்டு காட்டும். புதுப் பென்சனுக்குக் குறைஞ்சது 10 வருசம் வேணும், முழுசுக்கு பொதுவா 35. எங்கட ஆக்களில கனபேர் தொடக்க காலத்தில கையில காசு வாங்கி வேலை செய்தவை, முதலாளி ஒண்டும் கட்டியிருக்க மாட்டார், அந்த வருசங்கள் ரெக்கோர்டில வெறுமையாக் கிடக்கும். கடைசி நேரத்தில அதைப் பாத்துத் தலையில கை வைக்கிறதில பிரயோசனமில்லை. இன்னொண்டு, பென்சன் வயசு 2026 ஏப்ரல் வரைக்கும் 66 ஆ இருந்தது, 1960 ஏப்ரல் 6க்கும் அதுக்குப் பிறகும் பிறந்தாக்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக் கூடி 67க்குப் போகுது, அதையும் சரியாப் பாருங்கோ.

வீட்டில நிண்டு பிள்ளை வளத்த அம்மாமார் இந்த இடத்தைக் கவனமா வாசியுங்கோ. 1978ல இருந்து 2010 வரைக்கும் சைல்ட் பெனிஃபிட், அதாவது பிள்ளையளுக்கு அரசாங்கம் தாற காசு, எடுத்தாக்களுக்கு, வேலைக்குப் போகாட்டியும், பிள்ளை வளத்த வருசங்களுக்குப் பென்சனில பாதுகாப்புக் குடுக்கிற ஒரு முறை இருந்தது. ஆனா 2000 மே மாசத்துக்கு முதல் சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிச்சு, அந்த ஃபோர்மில நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் எழுதாமல் விட்ட கனபேருக்கு அது ரெக்கோர்டில ஏறேல்லை. இது அரசாங்கமே ஒத்துக்கொண்ட பிழை, வரி டிபார்ட்மென்டில இருந்து கடிதங்களும் அனுப்பினவை. தொண்ணூறுகளில ஆங்கிலம் தெரியாமல் ஃபோர்ம் நிரப்பின எங்கட பொம்பிளையள் எத்தினை பேருக்கு இது நடந்திருக்குமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. வந்த கடிதத்தைக் குப்பையில போட்டிருந்தாலும் பரவாயில்லை, இப்பவும் கேக்கலாம், ஏற்கனவே பென்சன் எடுக்கிறாக்களும் கேக்கலாம். உங்கட அம்மாட்டக் கேளுங்கோ, மாமியிட்டக் கேளுங்கோ, நீங்களே இருந்து பாத்துக் குடுங்கோ.

பென்சன் வயசுக்கு முதலே ஊருக்குப் போறாக்கள் குறையிற வருசங்களைக் காசு கட்டி நிரப்பலாம். வெளிநாட்டில இருந்து கட்டுறதுக்கு கிளாஸ் 2 எண்டு ஒரு மலிவான வழி இருந்தது, 2025-26ல கிழமைக்கு 3.50 பவுண்ஸ், அதாவது வருசத்துக்கு 182. அப்பிடி ஒரு வருசம் நிரப்பினா பென்சன் கிழமைக்கு 6.58 கூடும், வருசத்துக்கு 342. ஆனா 2025 நவம்பர் பட்ஜெட்டில அந்த வழியை 2026 ஏப்ரல் 6ல இருந்து மூடுறதா அறிவிச்சிட்டினம். இனிக் கிளாஸ் 3தான், அது 2025-26 கணக்கில கிழமைக்கு 17.75, வருசத்துக்கு 923. புதுசா அதில சேரிறதுக்கு முதல் 10 வருசம் இஞ்ச இருந்திருக்க வேணும் இல்லாட்டிக் கட்டியிருக்க வேணும். பென்சன் தொடங்கி மூண்டு வருசத்துக்குள்ள போட்ட காசு திரும்பி வரும், அதால இப்பவும் நட்டமில்லை, ஆனா எங்கட ஆக்கள் கனபேர் மலிவா இருந்த காலத்தில இதைக் கேள்விப்படவே இல்லை.

ஜெர்மனியிலயோ ஒல்லாந்திலயோ சுவிஸிலயோ கொஞ்சக் காலம் வேலை செய்துபோட்டு லண்டனுக்கு வந்தாக்கள் அந்த வருசங்களை மறந்திடாதேங்கோ. இஞ்சத்த 10 வருசத்தை எட்டுறதுக்கு அந்த வருசங்களையும் சேத்துப் பாப்பினம், அதோட அந்த நாட்டிலயும் உங்களுக்கெண்டு தனியா ஒரு பென்சன் கிடக்கலாம். பழைய சம்பளத் துண்டு, இன்சூரன்ஸ் நம்பர் எதுவா இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கோ.

பென்சன் தானா வராது, நீங்கள்தான் கேக்க வேணும். ஊரில இருந்து கேக்கிறதெண்டால் வெளிநாட்டில இருக்கிறாக்களின்ர பென்சனைப் பாக்கிற இன்டர்நஷனல் பென்சன் சென்டருக்கு விண்ணப்பிக்க வேணும், பென்சன் வயசுக்கு 4 மாசம் முதலே தொடங்கலாம். காசை இஞ்சத்த பாங்குக்கோ அங்கத்த பாங்குக்கோ போடச் சொல்லலாம், 4 கிழமைக்கு ஒருக்கா இல்லாட்டி 13 கிழமைக்கு ஒருக்கா.

பிறகு இடைக்கிடை ஒரு உயிர்ச் சான்றிதழ் ஃபோர்ம் தபாலில வரும். நீங்கள் உயிரோட இருக்கிறீங்கள் எண்டு டொக்டர், சட்டத்தரணி, வங்கி அதிகாரி மாதிரி ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து வைக்க வேணும், சொந்தக்காரர் வைக்கேலாது. 16 கிழமைக்குள்ள திருப்பி அனுப்பாட்டி பென்சனை நிப்பாட்டிப்போடுவினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை வடமராட்சியில இருக்கிறார், அவர் வீடு மாறேக்க புது விலாசம் குடுக்காததால கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பென்சன் நிண்டு, மாசக்கணக்கா லண்டனுக்கு ஃபோன் எடுத்துத்தான் திரும்பத் தொடங்கினது. விட்ட காசு முழுக்கக் கிடைச்சது, ஆனா அந்த மாசங்கள் அவர் பட்ட பாடு பெரிய பாடு. விலாசம் மாறினா அண்டைக்கே அறிவியுங்கோ.

அடுத்தது மற்ற பெனிஃபிட்டுகள். வருமானம் குறைஞ்ச வயசானாக்களுக்குக் குடுக்கிற பென்சன் கிரெடிட், வாடகைக்குக் குடுக்கிற ஹவுசிங் பெனிஃபிட் ரெண்டும் இலங்கைக்கு வராது. சும்மா பாத்திட்டு வரப் போனாலும் பொதுவா 4 கிழமைக்கு மேல நிண்டா வெட்டுப்படும். ஏலாத வயசானாக்களைப் பராமரிக்கக் குடுக்கிற அட்டென்டன்ஸ் அலவன்ஸும் அங்க குடியிருக்கப் போனா நிண்டிடும். கவுன்சில் வீட்டை ஆருக்கும் வாடகைக்குக் குடுத்திட்டுப் போறது 2013ல இருந்து இங்கிலாந்தில கிரிமினல் குற்றம். அறிவிக்காமல் ஆறு மாசம் நிண்டுபோட்டு வரலாம், ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லித் தாற ஆக்களின்ர கதையைக் கேளாதேங்கோ, பிடிபட்டா எடுத்த காசைத் திருப்பிக் கட்ட வேணும், வழக்கும் வரலாம், வயசான காலத்தில அந்த அவமானம் வேண்டாம்.

பேரப்பிள்ளையளைப் பாக்க லண்டன் வந்து நிக்கிற காலத்துக்கு மட்டும் இப்பத்த தொகையைக் கேட்டு வாங்கலாம், திரும்பிப் போனா பழைய தொகைதான். ஒரேயடியாத் திரும்பி வந்திட்டா முழுத்தொகையும் கிடைக்கும், என்ஹெச்எஸ் எண்ட அரசாங்க வைத்தியமும் கிடைக்கும், ஆனா பென்சன் கிரெடிட்டுக்கு இஞ்ச நிரந்தரமா இருக்கிறீங்களோ எண்டு சோதிப்பினம். ஏலாத காலத்தில திரும்பி வர ஒரு வழி கிடக்கெண்டு தெரிஞ்சிருக்கிறது நல்லது.

தைப்பொங்கலுக்கு எங்கட நிகழ்ச்சியளுக்கு எம்பிமார் வருவினம், வேட்டியும் கட்டுவினம். ஈஸ்ட் ஹாமில, ஹரோவில, டூட்டிங்கில எங்கட வாக்கு அவையளுக்கு வேணும். அப்ப இந்தப் பென்சன் விசயத்தை நேர கேளுங்கோ, எழுத்திலயும் குடுங்கோ. ஊருக்குப் போனாக்களுக்கும் வாக்கு இருக்கு. பிரிட்டிஷ் பாஸ்போட் இருந்தா, வெளிநாடு போய் 15 வருசத்தோட வாக்குரிமை போயிடும் எண்ட சட்டத்தை 2024 ஜனவரியில எடுத்திட்டினம், கடைசியா இருந்த தொகுதியில ஒன்லைனிலயே பதியலாம், ஆனா அந்தப் பதிவை மூண்டு வருசத்துக்குள்ள புதுப்பிக்க வேணும்.