ஆமையைத் திருப்பிக் கொண்டுவந்த கதை

புத்தரைப் போற்றும் விசாக தினத்தன்று பினாங்கு ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி புத்தர் கோயிலுக்குக் கிளம்பியபோது, பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாளியோடு வந்தார். உள்ளே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் ஆமை ஒன்று. "தம்பி, கோயிலுக்குத்தானே போறீங்க, இதையும் குளத்துல விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். மறுக்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

குளத்தருகே நின்றதும் தயக்கம் வந்தது. கங்கோங் கீரையை நீட்டினால், ஆமைகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக் கழுத்தை எக்குகின்றன. அடியில் கிடப்பதற்குத் தண்டுகூடக் கிடைப்பதில்லை. சீன அடித்தளமும் தாய்லாந்து நடுப்பகுதியும் பர்மிய முடியுமாக 1930இல் எழுந்த பகோடாவுக்குப் பிறகு, 2002இல் கருணைத் தெய்வமான குவான் இன்னின் 30.2 மீட்டர் உயர வெண்கலச் சிலையும் சேர்ந்து இந்தக் கோயில் மலைமேல் வளர்ந்துகொண்டே போக, குளம் மட்டும் நான் சிறுவயதில் பார்த்த அளவிலேயே இருக்கிறது.

வாளியில் இருந்த சிவப்புக்காது ஆமை அமெரிக்காவிலிருந்து வந்த இனம். உள்ளங்கையளவு குட்டியாக விற்கப்பட்டு, தட்டளவு வளர்ந்து வீட்டாருக்குச் சலித்தபின், ஆறு குளங்களில் விடப்பட்டு உள்ளூர் ஆமைகளின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாகிறது. குருவிகளின் நிலையோ இன்னும் மோசம். விடுவிப்பதற்காகவே அவற்றைப் பிடிக்கிறார்கள். சிறுவயதில் அம்மா சாலையோரக் கூண்டிலிருந்து வாங்கித் தந்த குருவி, கையைத் திறந்தும் பறக்காமல் நடுங்கியபடி என் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருந்தது.

சூழலைக் கெடுக்காத, நிலைத்த சமயச் சுற்றுலா என்றாலே பேருந்துக்கு நிறுத்துமிடம், குப்பைக்குத் தொட்டி என்று கணக்குப் போடுகிறோம். அவை வேண்டியவைதாம், மாலையில் அலங்கார ஊர்திகள் போனபின் சாலையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால், வருவோரின் பக்தியையே சரக்காக்கி உயிர்களை விற்பதை விழாவைச் சுற்றி நிறுத்தாதவரை, கூட்டம் பெருகப் பெருகக் கூண்டுகளும் பெருகும் என்பதே என் கருத்து. (பிறர் வழக்கத்தைக் குறை சொல்வது எளிது; தைப்பூசத்தில் தேர் முன் மலைபோல் உடைபடும் தேங்காயைப் பற்றி யாராவது வாய் திறந்தால் நமக்கும் முகம் சுண்டத்தான் செய்கிறது.)

வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அக்கா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அந்த ஆமை அவர் வீட்டுப் பின்கட்டில், பழைய குளியல் தொட்டியில், கங்கோங் தின்றுகொண்டிருக்கிறது.