கல்யாணம் முடிஞ்சு வெளிநாட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போற ஜோடிகளுக்கு

நெல்லைப் பக்கம் கல்யாணம் முடிஞ்சதும் மறுவீடு, குலதெய்வம் கோயில்னு நாள் ஓடிரும். முதல் வேலை கல்யாணப் பதிவு: 90 நாளுக்குள்ள பண்ணிருங்க. தாண்டினா கூடுதல் கட்டணம், அதுவும் 150 நாள் வரைக்கும்தான். இந்தச் சான்று இல்லாம துணைக்கு விசா கஷ்டம்.

டிகிரியை தயவுசெய்து லேமினேஷன் பண்ணாதீங்க. பின்பக்கம்தான் முத்திரை குத்தி, அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லும்படி வெளியுறவுத்துறை கொடுக்கிற சான்று) ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. உறையைப் பிரிச்சா மையும் சேர்ந்து உரிஞ்சு வரும். ஏற்கெனவே பண்ணியிருந்தா நீங்களே பிரிக்காம பல்கலைக்கழகத்துல நகல் பட்டம் கேளுங்க.

டிகிரிக்கு முதல்ல மாநில அரசு சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவுத்துறை. ஓமனுக்கு அப்போஸ்டில் போதும். துபாய்க்கு அது செல்லாது, வெளியுறவுத்துறை முத்திரையோட அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேணும்.

அதிகமா மாட்டுறது இனிஷியல்லதான். டிகிரியில 'எஸ். முத்துலட்சுமி', பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேரையும் சேர்த்தா மூணு காகிதத்துல மூணு பேரு. பொண்ணுங்க பழைய பேரையே வச்சுக்கிறதுதான் நல்லது.

போலீஸ் சான்றுக்கு இப்ப இருக்கிற முகவரியைக் கொடுங்க. அம்பாசமுத்திரம் முகவரியைப் போட்டுட்டு பாளையங்கோட்டையில மாமியார் வீட்டுல இருந்தா, விசாரிக்க வர்றவங்க 'ஆள் இல்லை'ன்னு எழுதிருவாங்க.