மரில்லியனின் ‘ஃபுகாஸி’: முதலில் டிரம்ஸைக் கேளுங்கள்

1983-இல் வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு மரில்லியன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை அதற்கு முந்தைய ஜெனசிஸ் குழுவின் நகல் என்று பலர் ஒதுக்கினார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. 1984 மார்ச்சில் வந்த இரண்டாம் ஆல்பம் ‘ஃபுகாஸி’ அந்தப் பேச்சை முழுசாக அடக்கவில்லை. ஆனால் குழுவின் வாசிப்பு எவ்வளவோ இறுகியிருந்தது. காரணம் டிரம்ஸ்.

முதல் ஆல்பத்தின் டிரம்மர் மிக் பாயிண்டரை நீக்கிய பின் ஆண்டி வார்ட், ஜான் மார்ட்டர், ஜோனதன் மோவர் என்று வரிசையாக ஆட்கள் வந்து போனார்கள். கடைசியில் நிலைத்தவர் இயன் மோஸ்லி. ஜெனசிஸின் முன்னாள் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட்டுடன் வாசித்தவர் வந்துதான் ஜெனசிஸ் நிழல் கொஞ்சம் விலகியது என்பது வேடிக்கை!

முதல் ஆல்பத்தில் பகுதிகளை ஒட்டுப்போட்டது போல இருக்கும். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் பளிச்சென்று தெரியும். இங்கே மோஸ்லி தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்வதால் பீட் ட்ரெவாவஸின் பேஸ் கிதாருக்கு நகர இடம் கிடைக்கிறது. ‘அசாசிங்’ பாட்டில் கிழக்கத்திய சாயல் கொண்ட நீண்ட முன்னிசைக்குப் பிறகு தாளம் இறங்கும் இடத்தைக் கேளுங்கள். ‘பஞ்ச் அண்ட் ஜூடி’ மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ‘இன்குபஸ்’ எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். நடுவே எல்லாம் அடங்கி பியானோ மட்டும் நிற்க, அதிலிருந்து ஸ்டீவ் ராதரியின் கிதார் எழும்பும். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்து வாசிக்கிறார். என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் அதுதான். ‘ஷி கமீலியன்’ மட்டும் சோர்வு. 1982-லேயே மேடையில் வாசித்த பழைய பாட்டு, அந்த வயது தெரிகிறது.

கெடுத்தது மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சேர்த்த விதம். பல ஸ்டூடியோக்களில் அவசரமாக முடித்த வேலை. எதிரொலி அதிகம், கீபோர்டு முன்னால் நிற்கும், பேஸ் அமுங்கிவிடும். மோஸ்லியின் நுணுக்கமெல்லாம் அந்த மூட்டத்தில் போய்விட்டது. ஒலியை மெருகேற்றி வந்த 1998 ரீமாஸ்டரிலும் இருப்பது அதே பழைய மிக்ஸ்தான். அதை வாங்க ஒரே காரணம் இரண்டாம் சிடியில் உள்ள டெமோக்கள், அதாவது முன்னோட்டப் பதிவுகள். ஆண்டி பிராட்ஃபீல்டும் அவ்ரில் மெக்கின்டோஷும் செய்த 2021 ரீமிக்ஸை ஹெட்போனில் கேளுங்கள், பேஸ் தனியாகத் தெரியும். ‘அசாசிங்’ தனிப்பாட்டாக வந்த சிங்கிள் வடிவம் வேண்டாம், முன்னிசையை வெட்டிவிட்டார்கள்.