பாஸ்வேர்டு இருந்தது, அனுமதி இருந்ததா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வரை ஆறு ஆண்டுகள் பராமரித்துவிட்டு, 2024 ஆகஸ்டில் வேலையிலிருந்து விலகினேன். அக்டோபரில் ஓர் இரவு அதன் பங்குதாரர்களில் ஒருவர் அழைத்து, காலையில் சரக்கு கிளம்ப வேண்டும், இன்வாய்ஸ்கள் திறக்கவில்லை என்றார். 9.42-க்கு வாட்ஸ்அப்பிலும் எழுதினார்: "தம்பி, இன்வாய்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்துக் குடுங்க, பாஸ்வேர்டு பழசுதான்." வீட்டிலிருந்தே உள்ளே சென்று பேக்கப்பிலிருந்து மீட்டுக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து சைபர் கிரைம் காவல் நிலையத்தில் ஆஜராகும்படி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 35(3)-இன் கீழ் நோட்டீஸ் வந்தது. அழைத்தவரோடு பிணக்கில் இருந்த இன்னொரு பங்குதாரர், முன்னாள் ஊழியர் திருட்டுத்தனமாக நுழைந்தார் எனப் புகார் கொடுத்திருந்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66 உடன் இணைந்த 43; மூன்றாண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான் என்று வக்கீல் சொன்ன பிறகும் அன்று இரவு நான் தூங்கவில்லை.

உரிமையாளர் அல்லது கணினியின் பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் நுழைவதையே பிரிவு 43 தவறு என்கிறது. வேலையில் இருந்தபோது எனக்கிருந்த அனுமதி விலகிய நாளோடு முடிந்துவிட்டது, பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டது புது அனுமதி ஆகாது என்று வக்கீல் விளக்கினார். ஆக, எனக்குத் துணை அந்த ஒரு செய்திதான். அதை ஸ்கிரீன்ஷாட்டாக நீட்டினால் போதாது என்று, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63(4) மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழையும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்போடு தயார் செய்தார். அதன் முதல் பகுதியில் நான் கையெழுத்திட, இரண்டாம் பகுதியை ஒரு நிபுணர் நிரப்பினார்.

விசாரித்த இன்ஸ்பெக்டர், நுழைந்தது நான்தானா என்பதில் நேரம் செலவிடவில்லை. செய்தியில் இருந்த "மட்டும்" என்ற சொல்லின்மேல் பேனாவை வைத்து, சர்வர் பதிவில் சம்பள ஃபோல்டரும் திறக்கப்பட்டிருக்கிறதே, அது ஏன் என்று கேட்டார். பேக்கப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தேடும்போது அதையும் திறந்தேன், எதையும் நகலெடுக்கவில்லை. இதை மறைக்காமல் வாக்குமூலத்தில் சொன்னேன். அனுமதியின் எல்லையைத் தாண்டியிருந்தால் அதற்குப் பிரிவு 43-இன் கீழ் இழப்பீடு கேட்கலாம், ஆனால் நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணம் இருந்தால்தான் பிரிவு 66-இன் கீழ் அது குற்றமாகும் என்பது எங்கள் வாதம். என்னை மிகவும் வருத்தியது இந்த இடம்தான். நல்லெண்ணத்தோடு போனவனும் எதுவரை போனான் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அழைத்த பங்குதாரரும் வந்து, தான் சொல்லித்தான் நான் நுழைந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து, மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதாகப் புகார்தாரருக்கு நோட்டீஸ் போனது. அவர் ஆட்சேப மனு போடவில்லை. அதே வாரம் வக்கீலுடன் நிறுவனத்துக்குப் போய், என்னிடமிருந்த எல்லா பாஸ்வேர்டுகளையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, என் கண்முன்னே அவை மாற்றப்பட்ட பிறகு, தேதியும் நேரமும் குறித்து இரு பங்குதாரர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.